நாலுக்கு மூணு சன்னல்

வீட்டுக்கு மர வேலை பேசும்போது ஆசாரியிடம் "நாலுக்கு மூணு" என்று சொன்னால் போதும், மேலே விளக்கம் கேட்க மாட்டார். நாலடி அகலம், மூணடி உயரம். படுக்கையறைக்கு வைக்கிற சாதாரணச் சன்னல். பரப்பு 12 சதுர அடி. 882 அடி 9 அங்குல நீளமும் 46,328 பதிவு டன்னும் கொண்ட டைட்டானிக் கப்பலுக்குள் 1912 ஏப்ரல் 14 இரவு கடல் புகுந்த வழி, எல்லாம் சேர்த்துக் கூட்டினால் அவ்வளவுதான்.

பனிப்பாறை கப்பலின் விலாவைக் கத்தியால் கீறியதுபோல 300 அடி நீளத்துக்குக் கிழித்தது என்றுதான் நெடுங்காலம் எழுதினார்கள், படமும் போட்டார்கள். இன்றைக்கும் பலர் அப்படியே சொல்கிறார்கள். அது கணக்குக்கு ஒத்து வராது என்பதை அதே ஆண்டு லண்டன் விசாரணையில் ஒருவர் காட்டிவிட்டார். எட்வர்ட் வைல்டிங், கப்பலைக் கட்டிய பெல்ஃபாஸ்ட் ஹார்லண்ட் அண்ட் உல்ஃப் தளத்தின் வடிவமைப்புப் பொறியாளர். மோதிய முதல் 40 நிமிடத்தில் ஏறக்குறைய 16,000 டன் தண்ணீர் உள்ளே வந்திருக்கிறது, அதற்கு 12 சதுர அடி திறப்பு போதும், அதை ஒரே கோடாக 200 அடிக்கு நீட்டினால் அகலம் முக்கால் அங்குலம்தான் வரும் என்றார். அத்தனை நீளத்துக்கு வாய் பிளந்த கிழிசலாக இருந்திருந்தால் கப்பல் இரண்டு மணி நாற்பது நிமிடம் மிதந்திருக்கவே முடியாது.

பம்பு செய்கிற ஊரில் இருப்பவர்கள் இந்தக் கணக்கைத் தாங்களே போட்டுப் பார்க்கலாம். துளைகள் நீர்மட்டத்துக்கு 20 அடி கீழே இருந்தன என்று வைத்துக்கொள்வோம். 6.1 மீட்டர். ஹெட், அதாவது துளைக்கு மேலே நிற்கும் நீரின் உயரம், தெரிந்தால் வேகம் தெரியும்: இரண்டு பெருக்கல் 9.81 பெருக்கல் 6.1, அதன் வர்க்கமூலம். வினாடிக்கு 10.9 மீட்டர் வரும். கூர்விளிம்புத் துளையில் நீர்த்தாரை சுருங்குமே, அதற்கு 0.6 போடுங்கள். 12 சதுர அடி என்பது 1.11 சதுர மீட்டர். மூன்றையும் பெருக்கினால் வினாடிக்கு 7 டன்னுக்குச் சற்று மேல். வைல்டிங்கின் 16,000 டன்னை 40 நிமிடத்துக்கு வகுத்தாலும் வினாடிக்கு 6.7 டன் வருகிறது. நேரம் போகப் போக உள்ளேயும் தண்ணீர் ஏறி ஹெட் குறையும் என்பதால் சராசரி இப்படிச் சற்றுக் குறைந்துதான் வர வேண்டும்.

வினாடிக்கு 6.7 டன் எவ்வளவு என்று கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால், கோடையில் தெருவுக்கு வருகிற 12,000 லிட்டர் தண்ணீர் லாரியை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வினாடிக்குள் ஒரு லாரி காலியாகிறது. அடுத்த இரண்டு வினாடிக்குள் அடுத்தது. ஆயக்கட்டுக்காரர்களுக்குக் கன அடியில் சொன்னால்தான் பிடிபடும். சுமார் 235 கன அடி. கீழ்பவானி வாய்க்காலில் முழு அளவாக 2,300 கன அடி விடுவார்கள். அதில் பத்தில் ஒரு பங்கு, ஒரு சன்னல் வழியே.

வெளியேற்ற என்ன இருந்தது? மணிக்கு 250 டன் தள்ளக்கூடிய பம்பு ஐந்து, 150 டன் தள்ளக்கூடியது மூன்று. எட்டும் சேர்ந்து மணிக்கு 1,700 டன். உள்ளே வருவது மணிக்கு 24,000 டன். பதினாலு மடங்கு வித்தியாசம். அந்தப் பம்புகள் மட்டமானவை அல்ல. இப்படி ஒரு வரத்தை எதிர்பார்த்து எந்தக் கப்பலிலும் பம்பு வைப்பதில்லை. பம்பு கசிவுக்கு. உடைப்புக்கு இருப்பது தடுப்புச் சுவர். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் மற்றது எல்லாம் புரியும்.

வைல்டிங் சொன்னது சரிதான் என்பது 84 ஆண்டுகள் கழித்து நேரிலேயே தெரியவந்தது. சிதைவு 1985 செப்டம்பர் 1 அன்று ராபர்ட் பல்லார்ட், ழான் லூயி மிஷேல் குழுவினரால் 3,800 மீட்டர் ஆழத்தில் கண்டுபிடிக்கப்பட்டாலும், அடிபட்ட இடத்தைப் பார்க்க முடியவில்லை. முகப்புப் பகுதி வந்த வேகத்தில் கடலடிச் சேற்றில் ஆழமாகப் புதைந்துவிட்டது. காயம் அந்தச் சேற்றுக்குள். 1996 பயணத்தில் பால் மத்தியாஸ் என்ற நிபுணர் சேற்றை ஊடுருவும் ஒலி அலைக் கருவியால் தடவிப் பார்த்தார். கிழிசல் இல்லை. ஆறு மெல்லிய பிளவுகள், தகடும் தகடும் சேரும் மூட்டுகளை ஒட்டியே. மொத்தப் பரப்பு 12, 13 சதுர அடி. கையில் வெறும் சாட்சியங்களையும் ஒரு பென்சிலையும் வைத்துக்கொண்டு 1912ல் ஒரு மனிதர் போட்ட கணக்கு இவ்வளவு துல்லியமாக நின்றதை நினைத்தால் மரியாதை வருகிறது.

கப்பலைப் பற்றிக் கொஞ்சம். பெல்ஃபாஸ்டில் 1909 மார்ச் 31 அன்று அடிக்கட்டை வைத்தார்கள், 1911 மே 31 அன்று நீரில் இறக்கினார்கள். கப்பல் கட்டும் தளத்தில் அதன் எண் 401. எண் 400 அதன் அக்காள் ஒலிம்பிக். 29 பாய்லர், 159 அடுப்பு வாய். அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 215 பவுண்டு. திருப்பூர்ச் சாயப்பட்டறையில் பாய்லர் பார்க்கிறவருக்குப் புரிகிற கணக்கில் சதுர சென்டிமீட்டருக்கு 15 கிலோ. ஒரு நாளைக்கு 600 டன்னுக்கு மேல் நிலக்கரி, முழுக்கவும் மனிதர்கள் மண்வெட்டியால் அள்ளிப் போட்டது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் மலை ரயிலின் நீராவி எஞ்சின், பற்சக்கரப் பாதையில் ஏறும்போது ஒரே நீராவியை இரண்டு சிலிண்டர்களில் அடுத்தடுத்துப் பயன்படுத்தும். டைட்டானிக்கின் இரண்டு பெரிய எஞ்சின்களும் அதை மூன்று முறை பயன்படுத்தின. அதன் பிறகும் மிஞ்சிய தணிந்த நீராவியை நடுவில் இருந்த டர்பைனுக்கு அனுப்பி நாலாவது முறையும் வேலை வாங்கினார்கள். அந்த டர்பைன் ஒரு பக்கம்தான் சுற்றும், பின்னோக்கிச் சுற்றாது.

வேகச் சாதனைக்காக ஓடியதால் மோதியது என்று ஒரு பேச்சு உண்டு. அது தவறு. அந்தச் சாதனை 26 நாட், அதாவது மணிக்கு 26 கடல் மைல், ஓடிய மொரிடேனியா என்ற கப்பலிடம் இருந்தது. அதை எட்டும் எஞ்சினே இதில் இல்லை. ஐந்து ஒற்றைமுகப் பாய்லர்கள் கடைசி வரை பற்றவைக்கப்படவும் இல்லை. ஆனால் பனிக்கட்டி இருக்கிறது என்று அன்று பகலிலிருந்தே கரோனியா, பால்டிக், கலிஃபோர்னியன், மெசாபா என்று கப்பலுக்குக் கப்பல் தந்தியில் சொல்லியும், ஏறக்குறைய 22 நாட் வேகத்தைக் குறைக்கவில்லை என்பது உண்மை. அக்காலத்தில் வானம் தெளிவாக இருந்தால் எல்லாக் கேப்டன்களும் அப்படித்தான் ஓட்டினார்கள் என்று விசாரணையில் சொன்னார்கள். எல்லோரும் செய்ததால் அது சரியாகிவிடாது.

இரவு 11:40. மேலே காவல் கூண்டிலிருந்து ஃபிரெடரிக் ஃப்ளீட் மூன்று முறை மணியடித்தார். முதல் அதிகாரி வில்லியம் மர்டாக் சுக்கானைத் திருப்பச் சொன்னார். பார்த்ததற்கும் மோதியதற்கும் இடையே 37 வினாடி என்று பிறகு ஒலிம்பிக்கை ஓட்டிச் சோதித்துக் கணக்கிட்டார்கள். அந்த வேகத்தில் 37 வினாடிக்கு 430 மீட்டர் கூட வராது. முகப்பு இடப்பக்கம் திரும்பிவிட்டது. வலப்பக்க விலாதான் நீருக்கடியில் பனிப்பாறையோடு உரசிக்கொண்டே போனது. நேருக்கு நேர் மோதியிருந்தால் முகப்பு 80 முதல் 100 அடி வரை நசுங்கியிருக்கும், அங்கே தூங்கிக்கொண்டிருந்த ஃபயர்மேன்கள் செத்திருப்பார்கள், ஆனால் கப்பல் பிழைத்திருக்கும் என்று வைல்டிங் சொன்னார். கணக்கு சரி. இருந்தாலும் எதிரில் ஒரு மலை தெரியும்போது ஒதுங்காமல் நேரே விடு என்று எந்த மனிதனும் சொல்ல மாட்டான். மர்டாக்கைக் குறை சொல்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

இனி தடுப்புச் சுவர்.

கடலைக்கோ ராகிக்கோ பாத்தி கட்டித் தண்ணீர் பாய்ச்சியவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு பாத்திக்குள் வரப்பு மட்டம் வரை தண்ணீர் நிற்கும். மடையை மூடாமல் விட்டால் வரப்பு தாண்டி அடுத்த பாத்திக்குப் போகும். நிலம் மட்டமாக இருந்தால் நாலு பக்கமும் ஒரே சமயம் வழியும். ஒரு பக்கம் வாட்டமாக இருந்தால் அந்தப் பக்க வரப்பு எவ்வளவு உயரமாக இருந்தாலும் பயனில்லை, தண்ணீர் அங்கேதான் சேரும்.

டைட்டானிக்கில் 15 குறுக்குச் சுவர், 16 பாத்தி. அடுத்தடுத்த எந்த இரண்டு நிறைந்தாலும் மிதக்கும். முகப்பில் நாலு நிறைந்தாலும் மிதக்கும். இந்தக் கணிப்பு நேர்மையானதுதான். கீழ்மட்டத்தில் சுவர்களுக்கிடையே இருந்த இரும்புக் கதவுகளை மேலே தளத்திலிருந்து ஒரு விசையைத் திருப்பி மூடலாம். மர்டாக் உடனே மூடினார், அவை மூடவும் செய்தன. கோளாறு கதவில் இல்லை, உயரத்தில். தளங்களுக்கு மேலிருந்து கீழாக ஏ, பி, சி என்று பெயர். முன்னும் பின்னும் சுவர் 'டி' தளம் வரை போனது, நடுவில் 'இ' தளத்தோடு நின்றுவிட்டது. நீர்மட்டத்துக்கு மேல் சில அடிதான். மேலே மூடியும் இல்லை. சுவர் மேலே போனால் நீளமான நடைபாதையும் விசாலமான கூடங்களும் குறுக்கே அறுபடும். 'இ' தளத்தில் ஊழியர்கள் கப்பலின் நீளத்துக்கு நடந்துபோக ஒரே வீதியாக ஒரு வழி இருந்தது, அதை ஸ்காட்லாந்து ரோடு என்று கூப்பிட்டார்கள். நடக்கிறவனுக்கு வசதியான அந்த வீதி தண்ணீருக்கும் வழியானது.

அன்று நிறைந்தது முகப்புக் கூண்டு, மூன்று சரக்கறை, ஆறாம் எண் பாய்லர் அறை. ஐந்து. நாலு என்றால் தப்பியிருக்கும். ஐந்தாவது நிறைந்ததும் முகப்பு தாழ்ந்தது, தாழ்ந்ததும் 'இ' தளம் கடல்மட்டத்துக்குக் கீழே வந்தது, ஐந்தாவது பாத்தியின் வரப்பு தாண்டி ஆறாவதுக்குப் போனது, அதன் பாரத்தில் இன்னும் தாழ்ந்தது. கப்பலை வடிவமைத்த தாமஸ் ஆண்ட்ரூஸ் கீழே போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து கேப்டன் ஸ்மித்திடம் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம்தான் என்றார். அவர் சொன்னது அபிப்பிராயம் இல்லை. எத்தனை பாத்தி என்று எண்ணினார், அவ்வளவுதான்.

ஆறாவதில், அதாவது ஐந்தாம் எண் பாய்லர் அறையில், காயம் சுவரைத் தாண்டி இரண்டே அடி. ஃபயர்மேன்களின் தலைவர் ஃபிரெட் பாரெட் அதைப் பார்த்துச் சாட்சி சொன்னார். அந்த அளவுத் தண்ணீரைப் பம்பு சமாளித்தது. பிறகு அங்கேயும் திடீரென்று பாய்ந்தது. அந்தச் சுவரை ஒட்டிய நிலக்கரி அறையில் பயணம் தொடங்கும் முன்பே கங்கு பிடித்து, சனிக்கிழமைதான் அணைந்தது. சூட்டில் சுவரின் அடிப்பக்கம் நெளிந்திருந்தது என்றும் பாரெட் சொன்னார். இதை வைத்துத் தீதான் கப்பலை மூழ்கடித்தது என்று சமீப காலமாகப் பரபரப்பாக எழுதுகிறார்கள். நெளிந்த சுவர் முடிவைச் சற்று முன்னே கொண்டுவந்திருக்கலாம். ஆனால் அதற்கு முன்னாலேயே ஐந்து பாத்தி போய்விட்டது. கணக்கு அங்கேயே முடிந்தது.

சரி, பனிக்கட்டி உரசினால் இரும்பு மூட்டு ஏன் வாய் திறக்க வேண்டும்? இதற்குப் பதில் தகடுகளைச் சேர்த்துப் பிணைக்கும் ரிவெட் என்ற ஆணியில் இருக்கிறது. நாமக்கல், சங்ககிரிப் பக்கம் லாரி சேஸ் வேலை பார்க்கிறவர்களுக்குத் தெரியும், ஒரு ரிவெட் தளர்ந்தால் அதன் சுமை பக்கத்து ரிவெட்டுக்குப் போகும், அது தளர்ந்தால் அடுத்ததுக்கு. தலையைச் சுற்றித் துருக்கோடு தெரிந்தால் அது ஆடுகிறது என்று பொருள். டைட்டானிக்கில் அப்படி 30 லட்சம் ரிவெட். பக்கத் தகடு சுமார் ஓர் அங்குல கனம், பெரியவை 30 அடிக்கு 6 அடி. வெல்டிங் அப்போது கப்பலுக்கு வரவில்லை.

அடிக்கிற முறை இது. தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று விளிம்பு ஏற்றி, துளைகளை நேர்பார்த்து, தற்காலிகப் போல்ட் போட்டு இறுக்குவார்கள். சிறு உலையில் பையன் ரிவெட்டைக் காய்ச்சுவான். நிறம்தான் அவனுக்கு வெப்பமானி. நன்றாகப் பழுத்ததும் இடுக்கியில் எடுத்துக் கொடுப்பான். துளையில் செருகியதும் உள்பக்கம் ஒருவர் கனமான சுத்தியலை அண்டக்கொடுத்துத் தாங்குவார். வெளிப்பக்கம் இரண்டு பேர், ஒருவர் வலக்கை, ஒருவர் இடக்கை, மாற்றி மாற்றி அடித்துத் தலை கட்டுவார்கள். வினாடிகள்தான் நேரம். ஆறினால் துளையை நிரப்பாது. சூடு மீறிக் கருகினாலும் பலம் போய்விடும். சரியாக அடித்த ரிவெட் ஆறும்போது நீளவாக்கில் சுருங்கித் தகடு இரண்டையும் கவ்விப் பிடிக்கும். அந்தக் கவ்வல்தான் தண்ணீரை நிறுத்துகிறது. அதற்கு மேல் தகட்டு விளிம்பை உளியால் அடித்து அடுத்த தகட்டோடு நெருக்குவார்கள். கூலி எண்ணிக்கைக்கு. மாலையில் எண்ணுகிறவர் வந்து எண்ணிவிட்டுப் போவார்.

கப்பலின் நடுப்பகுதியில், ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்கு நீளத்துக்கு, எஃகு ரிவெட்டை ஹைட்ராலிக் இயந்திரத்தால் அடித்தார்கள். அதன் அழுத்தம் ஒரே சீராக இருக்கும். முகப்பிலும் பின்பக்கத்திலும் உடல் வளைவதால் அந்தப் பெரிய இயந்திரத்தின் வாய் நுழையாது. அங்கே கை அடிதான். கை அடிக்கு எஃகு சிரமம், சரியான சூட்டின் எல்லை குறுகலானது. தேனிரும்பு அப்படியில்லை, கொஞ்சம் முன்பின் ஆனாலும் இடம் கொடுக்கும். அதனால் முகப்பில் தேனிரும்பு ரிவெட். பனிப்பாறை தொட்டதும் முகப்பில்.

ஜெனிஃபர் ஹூப்பர் மெக்கார்ட்டி, டிம் ஃபீக்கே என்ற இரண்டு உலோகவியலாளர்கள் சிதைவிலிருந்து எடுத்த 48 ரிவெட்டுகளை அறுத்துப் பார்த்தார்கள். தேனிரும்பில் கசடு இருப்பது இயல்பு. கரும்பின் நார்போல நீளவாக்கில் மெல்லிசாக ஓடும். நல்ல இரும்பில் அது 2, 3 சதவீதம். இங்கே சிலவற்றில் 9 சதவீதம் வரை, அதுவும் தடித்த கட்டிகளாக. சுத்தியலால் தலை கட்டும்போது இரும்பு பக்கவாட்டில் விரிகிறது, அதோடு கசட்டு நாரும் மடங்கிக் குறுக்கே திரும்பிவிடுகிறது. நீளவாக்கில் நார் இருக்கும் கரும்பை இழுத்து அறுப்பது கடினம். கணுவில் குறுக்கே படக்கென்று ஒடிக்கலாம். தலைக்கும் தண்டுக்கும் நடுவில் அந்தக் கணு உண்டாகிறது. பனிக்கட்டி தகட்டை உள்ளே அழுத்தும்போது ரிவெட்டின் மேல் இழுவை வரும், தலை தெறிக்கும். அப்போது பக்கத்து ரிவெட்டுக்கு இரட்டைச் சுமை. மூட்டு வரிசையாகப் பிரிந்துகொண்டே போகும்.

அவர்கள் நிறுவனத்தின் பழைய ஆவணங்களையும் புரட்டினார்கள். அக்கால வணிக வழக்கில் இரும்புக்கு 'பெஸ்ட்', 'பெஸ்ட் பெஸ்ட்' என்று தரப்பெயர் உண்டு. மூன்றாம் எண், நாலாம் எண் என்றும் சொல்வார்கள். ரிவெட்டுக்கு நாலாம் எண்தான் உகந்தது. வாங்கியது மூன்றாம் எண். ஒரே சமயம் மூன்று ராட்சதக் கப்பல்களுக்கு ரிவெட் தேவைப்பட்டதால் தட்டுப்பாடு, திறமையான ரிவெட் ஆட்களுக்கும் தட்டுப்பாடு என்பது அவர்கள் வாதம். காயம் ஏறக்குறைய எஃகு ரிவெட் தொடங்கும் இடத்தை ஒட்டி நின்றுவிட்டதையும் சுட்டிக்காட்டுகிறார்கள். அதே தளத்தில் அதே முறையில் கட்டிய ஒலிம்பிக் 1935 வரை ஓடியது என்பது எதிர்வாதம். என் கணிப்பில் இரண்டும் ஒன்றையொன்று வெட்டாது. அன்றாட ஓட்டத்துக்கு அந்த ரிவெட் போதும். விலாவில் ஒரு மலை உரசும்போது போதாது. இரண்டு ரிவெட் வரிசை கூடத் தாங்கியிருந்தால் ஐந்து பாத்தி நாலாகியிருக்கலாம் என்பதால்தான் இதை இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

எஃகைப் பற்றியும் ஒரு வார்த்தை, கணபதியிலும் பீளமேட்டிலும் பவுண்டரி வைத்திருப்பவர்கள் கட்டாயம் கேட்பார்கள். சிதைவிலிருந்து எடுத்த தகட்டில் கந்தகம் 0.069 சதவீதம், பாஸ்பரஸ் 0.045, மாங்கனீஸ் 0.47. மாங்கனீசுக்கும் கந்தகத்துக்கும் விகிதம் ஏழுக்கு ஒன்று கூட இல்லை. வார்ப்பிரும்பில் நாம் கந்தகத்தை 1.7ஆல் பெருக்கி 0.3 கூட்டி மாங்கனீஸ் வைக்கிறோமே, கந்தகத்தைக் கட்டிப் போடுகிற அதே பிரச்சினைதான் எஃகிலும். இதில் மாங்கனீஸ் சல்பைடு துகள்கள் உருட்டிய திசையில் நீண்டு கிடந்தன. உலோகம் அடி தாங்குமா என்று பார்க்கும் சார்ப்பி சோதனையில் தகடு உருட்டிய திசையில் 32 டிகிரி செல்சியசிலும், குறுக்குவாக்கில் 56 டிகிரியிலுமே நொறுங்கும் நிலைக்கு வந்துவிட்டது. அன்று கடல் நீர் மைனஸ் 2 டிகிரி. இந்த எண்ணைப் பார்த்ததும் கண்ணாடிபோல உடைந்திருக்கும் என்று தோன்றும், அப்படி எழுதியவர்களும் உண்டு. ஆனால் சார்ப்பியில் வெட்டு போட்ட துண்டைச் சம்மட்டிபோல ஒரே அடி அடிக்கிறோம். உரசல் அப்படி நடக்காது. மெதுவாக வளைத்துச் சோதித்தபோது அதே எஃகு ஓரளவு நன்றாகவே வளைந்தது. அக்காலத்தில் கிடைத்த எஃகில் அது மோசமானதும் இல்லை. சார்ப்பி மதிப்பைக் கேட்டு வாங்கும் வழக்கமே பிற்பாடு வந்ததுதான். ஆகவே தகட்டின்மேல் பழியில்லை, மூட்டின்மேல்தான்.

படகுக் கதை எல்லோருக்கும் தெரியும். 20 படகு, 1,178 பேருக்கு இடம். கப்பலில் 2,200 பேர் சொச்சம். 10,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பலுக்கு 16 படகு என்று 1894ல் எழுதிய விதி, கப்பல் நாலரை மடங்கு பெருத்த பிறகும் மாறவில்லை. முதலில் இறங்கிய ஏழாம் எண் படகில் 65 பேர் ஏறலாம், ஏறியது 28. ஒன்றாம் எண்ணில் 40க்கு 12. இறந்தவர்கள் சுமார் 1,500. தந்தி கேட்டு 58 மைல் தொலைவிலிருந்து ஓடிவந்த கார்பேதியா எடுத்தது 700 சொச்சம் பேரை.

விளக்கைப் பற்றிச் சொல்லாமல் போகக்கூடாது. 400 கிலோவாட் டைனமோ நாலு, 100 வோல்ட் நேர்மின்சாரம். அவை ஓட நீராவி வேண்டும், நீராவிக்கு யாராவது கீழே நிற்க வேண்டும். முன்பக்க அறைகளில் நெருப்பை வாரி எடுத்து அணைத்தார்கள். குளிர்ந்த கடல் நீர் கொதிக்கும் பாய்லரைத் தொட்டால் என்ன ஆகும் என்று பாய்லர் பக்கம் நின்ற யாருக்கும் தெரியும். பின்பக்க அறைகளில் நெருப்பைக் காத்து நீராவி கொடுத்தார்கள். படகு இறக்கிய இரண்டு மணி நேரமும் விளக்கு எரிந்தது, தந்தி வேலை செய்தது. விளக்கு அணைந்தது 2:18க்கு, கப்பல் போனது 2:20க்கு. தலைமைப் பொறியாளர் ஜோசப் பெல்லும் அவருக்குக் கீழிருந்த பொறியாளர்கள், மின்பணியாளர்கள் எல்லோரும், மொத்தம் 35 பேர், ஒருவர் கூடப் பிழைக்கவில்லை. மேலே நின்றவர்களின் பெயர்களைச் சொல்கிற அளவுக்கு இவர்களைச் சொல்வதில்லை.

அடுத்த குளிர்காலத்தில் ஒலிம்பிக்கைத் தளத்துக்குத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். பாய்லர், எஞ்சின் அறைகளின் ஓரமாக உள்ளே இரண்டாவது தோல் ஒன்றைக் கட்டினார்கள். ஐந்து தடுப்புச் சுவர்களை 'பி' தளம் வரை உயர்த்தினார்கள். இப்போது முகப்பில் ஆறு பாத்தி நிறைந்தாலும் மிதக்கும். அன்று நிறைந்ததைவிட ஒன்று கூடுதல். பெல்ஃபாஸ்டில் பாதி வேலையில் நின்ற மூன்றாவது கப்பல் பிரிட்டானிக்கையும் அதே மாதிரி மாற்றிக் கட்டினார்கள். வரப்பு உயர்ந்தது, தோல் இரண்டானது, படகும் நிறைய.

போர் வந்ததால் பிரிட்டானிக் பயணிகளை ஏற்றவே இல்லை, மருத்துவமனைக் கப்பலாக ஓடியது. 1916 நவம்பர் 21 காலை 8:12க்கு ஈஜியன் கடலில் கியா தீவருகே கண்ணிவெடியில் முட்டியது. அடி விழுந்தது மீண்டும் வலப்பக்க முகப்பில். அதிர்ச்சியில் ஆறாம் பாய்லர் அறைப் பக்கத்துக் கதவுகள் சரியாக மூடவில்லை. அப்படியும் மிதக்கும்படிதான் கட்டியிருந்தார்கள். கேப்டன் பார்ட்லெட் கரையில் தட்ட வைக்கலாம் என்று எஞ்சினை ஓட்டினார், ஓட ஓட முகப்பில் தண்ணீர் இன்னும் ஏறியது. ஆனால் கைமீறச் செய்தது வேறு. நோயாளிகளை ஏற்றப் போகிற வார்டுகளுக்குக் காற்று வரட்டும் என்று கீழ்த்தளங்களின் வட்டச் சன்னல்களைச் செவிலியர்கள் காலையில் திறந்து வைத்திருந்தார்கள். போர்க்காலத்தில் திறக்கக்கூடாது என்று உத்தரவு இருந்தது. கப்பல் வலப்பக்கம் சாய்ந்ததும் அந்தச் சன்னல் வரிசை நீர்மட்டத்துக்கு வந்தது. தடுப்புச் சுவர் 'பி' தளம் வரை இருந்தாலும், ஒவ்வொரு பாத்திக்கும் தனித்தனியாக வெளியிலிருந்து தண்ணீர் வந்தால் சுவரால் ஒன்றும் ஆகாது.

டைட்டானிக் இரண்டு மணி நாற்பது நிமிடம் நின்றது. பிரிட்டானிக் 55 நிமிடம். பகல் வெளிச்சம், வெதுவெதுப்பான நீர், போதுமான படகு இருந்ததால் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களில் இறந்தது 30 பேர். கடல் அங்கே சுமார் 400 அடி ஆழம். கப்பலின் நீளம் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். முகப்பு கடல் தரையில் இடித்தபோது பின்பக்கம் இன்னும் தண்ணீருக்கு வெளியே நின்றுகொண்டிருந்தது.